கொடைக்கானல் ஓநாய் கும்பகோணம் போன கதை

சேவூர் தனக்கோடி ஒரே புத்தகத்தை இருபத்துமூன்று முறை படித்தவள். நல்ல புத்தகமாக இருந்திருந்தால் நானே பெருமையாகச் சொல்லியிருப்பேன். அது ஓர் ஓநாய்க் காதல் நாவல். பெயர் ‘நகக்குறி நாயகன்’. மாத நாவல் அளவு, மட்டமான தாள். அட்டையில் சட்டை போடாத ஒருவன் நிலாவைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருப்பான். பல் ஆஸ்பத்திரி விளம்பரம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லோகநாதன், ஆரணியில் ஜெராக்ஸ் கடை. கடை மாடியில் பதினான்கு வருஷமாக வாசகர் வட்டம் நடத்துகிறேன். செயலாளர், பொருளாளர், நாற்காலி துடைப்பவர் எல்லாம் நான்தான். அமாவாசையன்று ஊரில் தறி ஓடாது என்பதால் மாதாமாதம் அமாவாசை மாலை நான்கு மணிக்குக் கூடுவோம். ஓநாய் மனிதர்கள் பௌர்ணமிக்குத்தான் உரு மாறுவார்களாம். அதனால் எங்கள் வட்டத்துக்கு அந்த வகையில் ஆபத்து எதுவும் வந்ததில்லை.

தனக்கோடிக்கு நாற்பத்தெட்டு வயது. எனக்குத் தங்கை முறை. அவளும் அவள் வீட்டுக்காரர் பச்சையப்பனும் பக்கத்துப் பக்கத்துக் கைத்தறியில் பட்டு நெய்கிறார்கள். ஆறு வருஷமாக அவள் வட்டத்துக்கு வருகிறாள். கதவோரம் உட்கார்ந்து மிக்சர் சாப்பிடுவாள், கைதட்டுவாள், போகும்போது என்னிடம் ஒரே கேள்வி கேட்பாள்.

“‘எனக்குப் பிடித்த புத்தகம்’னு மாசம் ஒருத்தர் பேசறாங்களே அண்ணா, எனக்கு எப்ப?”

“பார்க்கலாம்மா” என்பேன். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தனக்கோடிக்கும் தெரியும், ஆனாலும் கேட்பாள்.

போன மாசி அமாவாசைக்குப் பேச வேண்டிய போளூர்க்காரர் பதினைந்து நாளுக்கு முன்பே காலை ஒடித்துக்கொண்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. வேண்டாவெறுப்பாகத் தனக்கோடிக்குச் சொல்லியனுப்பினேன். அன்று மத்தியானமே புத்தகத்தோடு கடைக்கு வந்துவிட்டாள். முக்கியமான பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமாம்.

“அண்ணா, சிரிக்க மாட்டாங்க இல்ல?” என்றாள்.

“ஏம்மா சிரிக்கப் போறாங்க?”

“சிரிச்சாங்கன்னா நான் அப்பறம் இந்த மாடி ஏற மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். நான் புத்தகத்தைப் புரட்டினேன். கதாநாயகன் ரிஷ்வந்த், கொடைக்கானலில் எஸ்டேட் முதலாளி. பௌர்ணமி வந்தால் முதுகெல்லாம் முடி முளைத்துவிடும். அந்தக் கஷ்டத்திலும் மதுவந்தி என்ற பெண்ணைக் காதலிக்கிறான். நூற்று அறுபதாம் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘ரிஷ்வந்த் அவள் கழுத்தை நோக்கிக் குனிந்தான். அவன் கூரிய பற்கள்’. பக்கத்தைத் திருப்பினேன். நூற்று அறுபத்தொன்றாம் பக்கம் இப்படித் தொடங்கியது: ‘கூட்டுறவுச் சங்கத்தில் ஆடிட் முடிந்து சிவகுரு வீடு திரும்பியபோது விசாலம் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.’

அதற்கு மேல் முப்பத்திரண்டு பக்கமும் கும்பகோணம்தான். தாளின் நிறம்கூட வேறு. இரண்டு பகுதியையும் மஞ்சள் பட்டு நூலால் நெருக்கித் தைத்திருந்தது.

“ஏம்மா, இந்த ரிஷ்வந்த் எங்க போனான்?”

“அவருதாண்ணா சிவகுரு.”

“இவன் எஸ்டேட் முதலாளி. அவன் கூட்டுறவுச் சங்கத்துல கிளார்க்கு.”

“ஓநாயா இருந்து மனுஷனா மாறினா அதே பேர வெச்சிகினு அதே ஊர்ல எப்படிண்ணா இருக்கறது? பால்காரன் கூட மதிக்க மாட்டான். அதான் பேர மாத்திகினு கும்பகோணம் போயிட்டாரு. அங்க வெயிலு. முடியெல்லாம் கொட்டிடும்.”

“மதுவந்தி?”

“கல்யாணத்துக்கப்பறம் மாமியார் வேற பேரு வெச்சிருப்பாங்க. எங்க நாத்தனாருக்கே வெச்சாங்களே.”

பற்கள் என்று பாதியில் நின்ற வாக்கியம் என்ன ஆனது என்று கேட்டேன். அதெல்லாம் அந்தரங்கம், எழுதுகிறவர் மரியாதை தெரிந்தவர், அதனால் அப்படியே விட்டுவிட்டார் என்றாள்.

நல்லவனாக இருந்தால் நான் அங்கேயே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலூரில் பழைய புத்தகக் கடைகளை இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலசி ‘நகக்குறி நாயகன்’ முழுப் பிரதி ஒன்றைப் பிடித்தேன். அதில் ரிஷ்வந்த் கடைசியில் மனிதனாகவே ஆவதில்லை. காட்டுக்குள் ஓடிவிடுகிறான். மதுவந்தி பௌர்ணமிதோறும் எஸ்டேட் கேட்டில் நின்று நின்று கிழவியாகிறாள். இலக்கிய நேர்மைக்காகத்தான் தேடுகிறேன் என்று என் வீட்டில் சொன்னேன். உண்மை என்னவென்றால் பொறாமை. எனக்குப் பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் நாற்பது பெயர் ஒப்பிப்பேன். அதில் ஒன்றைக்கூட நான் இரண்டாம் முறை படித்ததில்லை.

அமாவாசையன்று இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். பச்சையப்பனும் வந்திருந்தார். அவர் வட்டத்துக்கு வருகிறவர் இல்லை. அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டவர், கீழே வெயில் என்பதால் மேலே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

தனக்கோடி மைக்கைப் பிடித்தாள்.

“இந்த புக்கு எனக்கு ஏன் பிடிக்கும்னா, மொதல்ல இவரு எப்ப ஓநாயா மாறுவாருன்னு முன்னாடியே தெரியும். மாசத்துல ஒரு நாளு. காலண்டர்ல போட்டிருக்குது. அன்னிக்கி நாம அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம். நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு எப்ப வரும்னு எந்த காலண்டர்ல போட்டிருக்குது?”

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. தனக்கோடி ஒரு நொடி பயந்து, அது தன்னைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்தாள்.

“ரெண்டாவது, அந்தப் பொண்ணு ரெண்டு மைல் தள்ளி வந்துகினு இருந்தாலே இவருக்கு வாசனை தெரிஞ்சிடும். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்துத் தறியில நான் எழுந்து போனதே தெரியாது. அரை மணி நேரம் என் தறிகிட்ட பேசிகினு இருப்பாரு.”

எல்லோரும் பச்சையப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“ஆனா அதெல்லாம் சும்மா. உண்மையான காரணம் கடைசி முப்பத்திரண்டு பக்கம். அவ்ளோ பெரிய ஓநாயி, எவனும் கிட்ட போவ முடியாது. அது திருந்தி, ஆபீஸ் போயி, சாயங்காலம் பையில கத்திரிக்கா வாங்கிகினு வருது. விசாலத்துக்குக் காலு வலின்னா தைலம் தேய்ச்சி விடுது. எனக்கு டைபாய்டு வந்து எழுந்துக்க முடியாம படுத்திருந்தப்பதான் இத மொதல்ல படிச்சேன். பதினோரு வருஷம் ஆச்சி. அந்தப் பக்கங்களைப் படிச்ச அன்னிக்கிதான் கஞ்சி குடிச்சேன். ஒரு ஓநாயே மாறுதே, நம்ம ஒடம்பு மாறாதான்னு தோணுச்சி. அவ்ளோதாங்க.”

கைதட்டல் பலமாக இருந்தது. அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. முழுப் பிரதியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

“ஒரு சிறு திருத்தம்” என்றேன். காடு, கேட், கிழவி எல்லாவற்றையும் சொன்னேன். கும்பகோணத்துப் பகுதி வேறு ஏதோ குடும்ப நாவலின் வால் என்றும், யாரோ தவறாகச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள் என்றும் விளக்கினேன். சாட்சிக்கு இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

வட்டத்தின் தலைவர் தசரதன் கண்ணாடியைக் கழற்றி, “அப்ப பதினோரு வருஷமா ரெண்டு புக்க ஒண்ணா படிச்சிகினு இருந்தியாம்மா?” என்றார்.

இப்போது சிரித்த சிரிப்பு அவளைப் பார்த்துத்தான். தனக்கோடி மைக்கை மேசையில் படுக்க வைத்தாள். செருப்பு எங்கே இருக்கிறது என்று கதவுப் பக்கம் பார்த்தாள். நான் சொன்னதைத் திரும்ப விழுங்க வழியில்லை.

“யாரோ இல்ல” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பச்சையப்பன் எழுந்து நின்றார். “நான்தான் தச்சேன்.”

“அட்ட பிரிஞ்சிடுச்சி, அதான் தச்சேன்னு சொன்னீங்களே” என்றாள் தனக்கோடி.

“அட்ட பிரியல. தறியில பாவு நூலுக்குப் போட வெச்சிருந்த கஞ்சிப் பசையில புக்க போட்டுட்டேன். பின்பக்கம் பூரா ஊறிப்போச்சி. தெருவுல காய வெச்சேன். எழுத்து தெரியுதான்னு படிச்சிப் பாத்தேன்.” அவர் என்னைக் கையால் காட்டினார். “இவரு சொல்றாரே, அதான் இருந்துச்சி. அது காட்டுக்கு ஓடிடுது. அந்தப் பொண்ணு நின்னுகினே கெழவி ஆவுது. நீ அங்க நாப்பது கிலோவுக்கு எளச்சி, கஞ்சி வாணாம்னு செவுத்தப் பாத்துகினு படுத்திருக்கற. புக்கு எங்க, புக்கு எங்கன்ற. இத எப்படி உங்கிட்ட குடுக்கறது?”

யாரும் சிரிக்கவில்லை.

“பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போயி இதே சைஸு புக்கு ஒவ்வொண்ணா எடுத்து கடைசியப் படிச்சேன். ஒண்ணுத்துல கொல. ஒண்ணுத்துல அவன் ஜெயிலுக்குப் போறான். கடக்காரன், வாங்கறதுன்னா வாங்கு, இது லைப்ரரி இல்லன்னு பேஜார் பண்ணான். மூணு நாள் நின்னுகினே படிச்சேன். கும்பகோணத்து ஆளு ஒருத்தன்தான் வீட்டுக்கு ஒழுங்கா வந்தான். நூத்தியறுவது வரைக்கும் இது, நூத்தியறுவத்தொண்ணுல இருந்து அது. பழைய பாவுல புதுப் பாவு சேக்கற மாதிரி நம்பருக்கு நம்பர் சேத்துத் தச்சிட்டேன்.”

“ஏங்க, ஆளுங்க பேரு வேறயா இருக்குமேன்னு யோசிக்க வாணாமா?” என்று தசரதன் கேட்டார்.

“இழைய சேக்கும்போது பேரா பாக்கறோம்?” என்றார் பச்சையப்பன். பிறகு தனக்கோடியைப் பார்த்து, “நீ கண்டுபிடிச்சிடுவன்னு பயந்துகினுதான் இருந்தேன். அந்தாளுதான் இந்தாளுன்னு நீயே சொல்லிட்ட. நான் வாயத் தொறக்கல” என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. என் கையில் இருந்த முழுப் பிரதியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அதன்மேலேயே உட்கார்ந்தேன்.

செயலாளர் என்ற முறையில் அடுத்து நான் பேச்சாளருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். தட்டைத் தூக்கிக்கொண்டு தனக்கோடியிடம் போனேன். “மன்னிச்சிடும்மா” என்று மெதுவாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தட்டிலிருந்து பொன்னாடையை எடுத்து உதறினாள். நாற்காலிகளுக்கு நடுவே நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள். இருபத்தைந்து பேர் பார்க்க, கட்டின புருஷனுக்கு அதைப் போர்த்தினாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

“நான் லவ் பண்ணது அந்த முப்பத்திரண்டு பக்கத்தைத்தான்” என்றாள், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி.

நாங்கள் கைதட்டினோம். பச்சையப்பனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பொன்னாடையின் ஓரத்தை இரண்டு விரலில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார்.

“பவர்லூம்” என்றார்.

“வாய மூடிகினு போத்திக்கோங்க” என்றாள் தனக்கோடி.