மூன்றாவது பாட்டும் முப்பது வினாடியும்

முதுகுளத்தூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். மிளகாய் பறித்து முடிந்ததும் கண்மாய்க்கரைப் பொட்டலில் கபடிப் போட்டி நடக்கும். முதல் பரிசு ஒரு கிடாய். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு நாக்கு எழாது. ஆனாலும் பல வருடமாக விசில் என்னிடம்தான் இருக்கிறது. "சண்டைக்கு வராத ஆளு" என்று கமிட்டியில் சொல்லிக்கொள்வார்கள்.

எனக்குக் காது நல்ல காது என்பதும் ஒரு காரணம். பாடிப் போகிறவன் ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டே எதிரணியில் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நடுவில் மூச்சு எடுத்தால் அவுட். சிலர் பல்லிடுக்கில் திருட்டு மூச்சு எடுப்பார்கள். எவ்வளவு கூச்சல் இருந்தாலும் அது எனக்குக் கேட்டுவிடும்.

பக்கத்துப் புஞ்சைக்காரன் ஒருவன் எங்கள் ஊர் அணியில் ஆடினான். சொந்தமில்லை என்றாலும் மச்சான், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவனுடைய மூச்சு அவ்வளவு நீளம். ஒரு புள்ளி முன்னால் இருந்தால் அவனைத்தான் அனுப்புவார்கள். யாரையும் தொடாமல், இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் பாடிக்கொண்டே நடந்து ஆட்ட நேரத்தைத் தீர்த்துவிடுவான். நாங்கள் கைதட்டுவோம். வெளியூர்க்காரர்கள் சலித்துப்போய் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

போன வருடம் கமிட்டி டிவியில் வருகிற விதியைக் கொண்டுவந்தது. ஒருவன் பாடிப் போய்த் திரும்பும் ஒரு பாட்டுக்கு முப்பது வினாடிதான், தாண்டினால் விசில் அடித்து அவனை அவுட்டாக்க வேண்டும். ஓர் அணி இரண்டு முறை வெறுமனே திரும்பினால் மூன்றாவது பாட்டில் தொட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் பாடினவன் அவுட். ஆட்டம் சுறுசுறுப்பாகும் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். கை தூக்கும்போது மச்சானை நினைக்கவில்லை.

அணியில் இருந்த இளவட்டங்கள் நினைத்தார்கள். "மூச்ச வச்சு இனி என்ன செய்ய? சங்கு ஊதவா?" என்று அவன் காதுபடவே சிரித்தார்கள். இந்தப் போட்டியில் சரிப்படாவிட்டால் அடுத்ததற்கு வேறு ஆள் என்று கேப்டனும் சொல்லிவிட்டான். மச்சான் என்னிடம் மட்டும், "நீ விசிலை ஒழுங்கா அடி மாப்ள, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான்.

கடைசி ஆட்டத்தில் எதிரே திருப்பாலைக்குடிப் பக்கத்து அணி. வெயில் தாழ்ந்த நேரம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால், ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம். எங்கள் அணி இரண்டு முறை வெறுமனே திரும்பியிருந்தது. மூன்றாவது பாட்டுக்கு மச்சான் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். நான் செல்போனில் வினாடியை ஓடவிட்டேன்.

அவன் பாட ஆரம்பித்ததும் என் காது வழக்கம்போல அந்த மூச்சுக்குள் போய்விட்டது. இழை அறாமல் வந்துகொண்டே இருந்தது. எதிரணிக்காரர்கள் ஏதோ கத்தினார்கள், வழக்கமான கூச்சல் என்று இருந்துவிட்டேன். மச்சான் சட்டென்று குனிந்து ஓரத்தில் நின்றவன் காலைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினான். விசில் அடித்து, போனையும் நிறுத்தினேன். அப்போதுதான் திரையைப் பார்த்தேன்.

"முப்பது எப்பவோ ஆச்சுய்யா! விரல விட்டு எண்ணுறோம், இந்தாளு எங்கன பாக்காரு?" என்று எதிரணிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எண்ணத் தெரிஞ்சா நீங்க ஏன்யா தோக்குறீங்க?" என்றான் எங்கள் கேப்டன்.

கமிட்டித் தலைவர் என்னிடம் வந்தார். "நீ சொல்லுப்பா. நேரம் ஆச்சா, ஆகலையா?"

போன் என் கையில்தான் இருந்தது. கட்டைவிரலை வைத்தால் திரையில் நின்ற எண் அழிந்துவிடும். மச்சான் இடுப்பில் கைவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆயிருச்சு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. தலைவர் மைக்கை என் வாயருகே நீட்டினார். பொட்டல் முழுக்க என் குரல் கேட்டது. "நேரம் ஆயிருச்சு. விசில் அடிக்காதது என் தப்பு. பாட்டு அவுட்டு."

ஆட்டம் சமமானது. அடுத்த பாட்டில் அவர்கள் ஒரு புள்ளி எடுத்தார்கள். கிடாய் திருப்பாலைக்குடிப் பக்கம் போனது.

தண்ணீர்த் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்த மச்சானிடம் போய் நின்றேன்.

"விசில் வரலயே, இன்னும் நேரம் கெடக்குனு நெனச்சேன் மாப்ள. இல்லாட்டி முன்னாடியே பாஞ்சிருப்பேன்" என்றான்.

"பாட்ட கேட்டுக்கிட்டே நின்னுட்டேன் மச்சான்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை ஆச்சு?" என்றான்.

போனை நீட்டினேன். நாற்பத்தொன்று என்று நின்றது. இத்தனை வருடத்தில் அவன் மூச்சை யாரும் அளந்து பார்த்ததில்லை.

"நாப்பத்தொன்னா? இந்த வயசுலயா?" அவன் சிரித்துவிட்டான். பிறகு சங்கு ஊதச் சொன்ன இளவட்டங்கள் நின்ற பக்கம் திரும்பி, "ஏலே, இங்கன வாங்கடா!" என்று கூப்பிட்டான்.

இந்த வருடம் பாடிப் போக வேறு ஆள் வந்துவிட்டான். மச்சான் ஓரத்தில் நின்று, எதிரணியிலிருந்து பாடி வருகிறவன் காலைப் பிடித்து மடக்குகிறான். மூன்றாவது பாட்டுக்கு வருகிறவன் எப்படியும் தொட வந்துதான் ஆக வேண்டும் என்பதால், இந்த விதி நல்ல விதி என்கிறான். நான் இப்போது போனைப் பார்த்தே விசில் அடிக்கிறேன்.