மூடக் கூடாத துளை

தையல் கூடத்தில் அவளைக் காஜாக்கா என்றே கூப்பிடுவார்கள். சட்டைத் துணியில் பட்டனுக்கு வெட்டிய துளை பிரிந்துபோகாமல் ஓரத்தை நூலால் கட்டும் காஜா வேலை அவளுடையது. ஊசி குத்தினால் மறுநாளே ஆறிவிடும் உடம்பு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த உடம்புதான் இடது கண்ணில் வேலையைக் காட்டியது. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் முற்றி, கண்ணுக்குள் தேங்கிய நீர் வடிய டாக்டர் சின்னதாக ஒரு வழி வெட்டியிருந்தார். "புண்ணு என்னமா ஆறிடுச்சு பாருங்க!" என்று கணவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். உள்ளே தழும்பு கட்டி அந்த வழி அடைபட்டது யாருக்கும் தெரியவில்லை. அழுத்தம் ஏறிப் பார்வை போயிற்று.

"ஆபரேஷனுக்கு அப்புறம் குனிஞ்சு வேலை பார்த்திருப்பீங்க" என்றார் டாக்டர். "எல்லாம் தலைவிதி அண்ணி" என்றாள் நாத்தனார்.

விதி என்றாலே காஜாக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளை உட்காரவைத்து ஆஸ்பத்திரித் தாள்களை வரி விடாமல் வாசிக்கச் சொன்னாள். ஒரு மூலையில் இருந்தது: 'மைட்டோமைசின் இருப்பு இல்லை.' மருந்துக்கடைக்காரர் விளக்கினார். தழும்பு கட்டும் செல்களைப் பெருகவிடாத மருந்து அது. ஆபரேஷனின்போதே பஞ்சில் நனைத்துச் சில நிமிடம் வைப்பார்கள். அலமாரியில் மருந்து இல்லாதது குற்றமில்லையாம். உழைக்கிறவள் குனிந்ததுதான் குற்றமாம்!

வலது கண்ணுக்கும் நாள் குறித்தார்கள். அன்று அவள் ஆஸ்பத்திரிப் படுக்கை விளிம்பில் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "மைட்டோமைசின் இருக்கா டாக்டர்?"

கணவர் பதறினார். "ஏய், சும்மா இரு. அவரு ஆயிரம் கண்ணைப் பார்த்தவரு."

"இருக்கட்டுங்க. எனக்கு மிச்சம் ஒண்ணுதான்."

"அதுல ஆபத்தும் இருக்கும்மா," என்றார் டாக்டர். "நீர் அதிகமா கசியலாம், கிருமி தொத்தலாம்."

"சரி, தெரிஞ்சுக்கிட்டேன். போன தடவை இதைக்கூடச் சொல்லலையே. குனிஞ்சேன்னு மட்டும் சொன்னீங்க."

டாக்டர் தாளைப் புரட்டினார். "இன்னிக்கு ஸ்டாக் இல்ல."

"அப்ப நானும் இல்ல." செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். கணவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

நான்காம் நாள், மருந்து வந்துவிட்டதென்று ஆஸ்பத்திரியே கூப்பிட்டது. ஆபரேஷன் மேஜையில் முகத்தைத் துணி மூடியிருக்க, கண் மரத்திருக்க, அவள் குரல் மட்டும் வந்தது. "பஞ்சு வச்சாச்சா?"

"வச்சாச்சு, அசையாதீங்க" என்றார் டாக்டர்.

"நேரம் பார்க்கறது யாரு?"

"நான்தாங்க" என்றாள் நர்ஸ்.

"எனக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

"சத்தமாவே சொல்லு சிஸ்டர்," என்றார் டாக்டர். "இல்லேன்னா இந்தம்மா எழுந்து போயிடும்."

"ஒரு நிமிஷம் ஆச்சு" என்றாள் நர்ஸ், அறை முழுக்கக் கேட்கும்படி.