ஏகாம்பரம் அண்ணன் தனக்கே எழுதிக்கொண்ட இரங்கல்

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டார்…

நேற்று விடியற்காலை, ரெட்டியார்பாளையம் வீட்டில். கிட்னி பிரச்சினை ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

தெரியாதவர்களுக்கு… ஒரு பெரிய ஹீரோவுக்கு முப்பது வருஷம் பி.ஆர்.ஓ.வாக இருந்தவர். எந்த ஹீரோ என்று நண்பர்களுக்குத் தெரியும். கமென்ட்டில் பெயர் போடாதீர்கள், ப்ளீஸ். அண்ணனுக்குப் பிடிக்காது.

நான் அப்போது இங்கே ஒரு மாலைப் பத்திரிகையில் நிருபர். பீச் ரோட்டில் ஷூட்டிங் என்றால் ஹீரோவுக்கு முன்னால் இவர் வந்துவிடுவார், கக்கத்தில் ஒரு ரெக்ஸின் பையோடு.

அவர் பேச்சுக்குத் தனி அகராதியே போடலாம். "சார் கதை விவாதத்துல இருக்காரும்மா" என்றால் தூங்குகிறார். "சார் இன்னைக்குக் கேரக்டராவே மாறிட்டாரு" என்றால் யாரையோ திட்டித் தீர்த்துக்கொண்டிருக்கிறார், கிட்டே போகாதே.

"லேசான ஜுரம்" என்றால் வர மாட்டார். அவ்வளவுதான்.

ஹீரோ பெயரில் வரும் பொங்கல் வாழ்த்து, பிறந்தநாள் நன்றி, இரங்கல் எல்லாமே அண்ணன் எழுதுவதுதான். இரங்கலை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார். யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் போதும், பேனாவைத் திறந்துவிடுவார்.

ஒருதரம் பாருங்கள்… ஒரு பழைய டைரக்டர் ஐசியூவில் கிடந்தார். பிறந்தநாள் நன்றி என்று நினைத்து, அவருக்கு எழுதி வைத்திருந்த இரங்கலை எல்லாப் பத்திரிகைக்கும் மெயில் பண்ணிவிட்டார் மனுஷன்!

எனக்குத்தான் முதல் போன். "யம்மா, மெயில தொறந்துட்டியா? தொறக்காத. எம் பொழப்பே அதுலதான் இருக்கு."

டைரக்டர் பிழைத்துக்கொண்டார். அண்ணன் பூங்கொத்தோடு போய்க் காலில் விழுந்தாராம். அவர் அந்த இரங்கலை வாங்கிப் படித்துவிட்டு, "என் நாலாவது படம் ஓடவே இல்லையே, வெள்ளி விழான்னு போட்டிருக்க… சரி, மாத்தாத, அப்படியே இருக்கட்டும்" என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

சிரித்தாயிற்று. இனிமேல் எழுதப் போவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அண்ணனுக்கு ஒரே மகள், கலைவாணி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சொல்தா குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாத்தா காலத்திலிருந்து பென்ஷன். கௌரவம் பார்ப்பவர்கள்.

ஹீரோவே வந்து தாலி எடுத்துக் கொடுப்பதாகக் கல்யாணப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார் அண்ணன். மண்டப வாசலில் கூட்டமான கூட்டம். சேதராப்பட்டிலிருந்து வேன் பிடித்தெல்லாம் ரசிகர்கள் வந்திருந்தார்கள்.

முகூர்த்தம் நெருங்கியது… ஹீரோவைக் காணோம். வாசலில் யாரோ ஈசிஆரில் ஆக்ஸிடென்ட் என்று கிளப்பிவிட, சேனல்காரர்கள் போன் மேல் போன்.

அண்ணன் பட்டு வேட்டியோடு சமையல்கட்டுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு போனுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "சார் நல்லா இருக்காரு… லேசான ஜுரம்தான்…"

நான்தான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "தாரை வாக்கக் கூப்புடுறாங்கண்ணே, வாங்க."

"ரெண்டே நிமிஷம்மா. டிவில கீழ நியூஸா ஓட ஆரம்பிச்சிடுச்சி."

முகூர்த்தம் தப்பிவிடும் என்று ஐயர் அவசரப்படுத்தினார். கலையின் பெரியப்பா நின்று தாரை வார்த்துக் கொடுத்துவிட்டார். அண்ணன் வந்தபோது தாலியே கட்டி முடித்துவிட்டார்கள்.

ஹீரோவுக்கு ஜுரமும் இல்லை, ஆக்ஸிடென்ட்டும் இல்லை. மறந்துவிட்டார். என்னைத் தவிர யாரிடமும் அண்ணன் இதைச் சொன்னதில்லை.

கலை அப்பாவோடு பேசாமல் எல்லாம் இல்லை. வருவாள், மருந்து வாங்கித் தருவாள், டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவாள். கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும், "எங்கப்பா அன்னைக்கு டூட்டில இருந்தாரு" என்பாள்.

அதைக் கேட்டு அண்ணன் தலையைக் குனிந்துகொள்வார். அவளிடம் ஒரு ஸாரி கேட்கச் சொல்லி எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் எழுதித் தந்த மனுஷனுக்கு அது மட்டும் வரவே இல்லை.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினார். ஹீரோ பெயரில், அண்ணனுக்கே இரங்கல்! கூடவே வாய்ஸ் நோட்: "நான் போய்ட்டா அவங்க ஆபீஸ்ல தடுமாறுவாங்க. தேதிய மட்டும் போட்டுக் குடுத்துடும்மா."

பைத்தியமா உங்களுக்கு என்று திட்டிவிட்டுப் படிக்காமலே விட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை அந்த ஆபீஸிலிருந்து போன். "மேடம், சார் பேர்ல ஒரு நாலு வரி எழுதித் தர முடியுமா…"

தேதி போடத் திறந்தபோதுதான் முழுசாகப் படித்தேன். அப்படியே அனுப்பிவிட்டேன்.

நேற்று மதியம் நீங்கள் எல்லாரும் ஷேர் பண்ணியது அதுதான். கடைசிப் பாராவை மட்டும் வெட்டிவிட்டார்கள். கான்ட்ரவர்சி ஆகிவிடுமாம்.

வெட்டியது இது:

"அவர் மகள் கலைவாணியின் திருமணத்துக்கு வருகிறேன் என்று சொல்லி, வராமல் இருந்துவிட்டேன். அதனால் ஒரு தகப்பன் தன் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க முடியாமல் போனது. தவறு என்னுடையது. கலைம்மா, என்னை மன்னித்துவிடு."

சாயங்காலம், அண்ணனை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், போனைக் கலையிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

"அந்த ஆளுக்கு எம் பேரே தெரியாதுக்கா" என்றாள்.

அப்புறம், "ஸாரி கேக்கறதுக்குக் கூட எங்கப்பாவுக்கு இன்னொருத்தர் பேரு வேண்டியிருக்கு பாரேன்…" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

வெளியே பெரியப்பா மகன் கொள்ளி வைக்கக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றிருந்தான். கலை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"நீ இரு தம்பி. எங்கப்பாவுக்கு நான்தான்."

பெரியவர்கள் ஏதோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. கருவடிக்குப்பம் சுடுகாட்டில் கொள்ளி வைத்தது கலைதான்.

போய்ட்டு வாங்கண்ணே…