அவள் சொன்னதை எடுக்கமாட்டேன்

சுனாமியில் நனைந்து உப்பிய அந்தப் புத்தகம், ஒரு வரலாற்றாசிரியரின் சிறு கட்டுரைத் தொகுப்பு, போர் முடிந்த ஆண்டில் என் கைக்கு வந்தது. ஒவ்வொரு தகவலுக்கும் கீழே, யார், எப்போது சொன்னது என்று எழுதியிருந்தார். செய்தியாளனான நான் அதுவரை அப்படி எழுதியதே இல்லை.

அந்த மாதம் கிழக்குக் கரைக் கிராமமான பனிச்சங்கேணியில் ஒரு தாய் மகனின் மரணச் சான்றிதழைக் காட்டினாள். காரணம், சுனாமி.

"அலைக்குப் பிறகும் ரெண்டு வருசம் என்ட கையால சோறு திண்டவன், தம்பி. பிறகுதான் ஆக்கள் வந்து கூட்டிட்டுப் போனாங்க, இன்னும் வரல்ல."

சான்றிதழில் இருந்ததையும் அவள் சொன்னதையும் சேர்த்தே எழுதினேன்.

"சேட்டிபிக்கட் இருக்குதானே, மனுசிட கதைய அதிலேர்ந்து எடுத்திடுங்க" என்றார் பத்திரிகை ஆசிரியர்.

"எடுக்கிறதெண்டா செய்திய முழுக்க எடுங்க" என்றேன்.

செய்தியை முழுக்கவே எடுத்துவிட்டார். அவள் சொன்னது, நாளும் இடமும் சேர்த்து, என் குறிப்பேட்டில் இருந்தது. இப்போது இங்கேயும் இருக்கிறது.