பத்துக் கட்டிலையும் நிரப்பியவள் நான்

கோமதியின் பிள்ளை செத்துப் பிறந்ததற்கு நான்தான் காரணம்.

இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். பின்னால் தள்ளினால் பேசிப் பேசியே மழுப்பிவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள்தான். ஆனால் மைக் கையில் கிடைத்தால் ஊரையே அழ வைப்பேன், சிரிக்க வைப்பேன். அந்த வாய்தான் கெடுத்தது...

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் என் படம் போட்ட பேனர் இன்னும் தொங்குகிறது. 'பிரசவ வார்டைக் காத்த வீரத்தாய்' என்று அதில் எழுதியிருக்கிறார்கள். தாயாம்! அதைப் பார்க்கும்போதெல்லாம் காறித் துப்பத் தோன்றும். ஆனால் துப்பினேனா? "போட்டோ நல்லா வுழுந்துக்குதுக்கா" என்று பூக்காரி சொன்னபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவங்கள் குறைந்துவிட்டன, அதனால் அந்த வார்டை மூடி வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஊர் கொதித்தது. கொதித்தவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிரசவம் அங்கே நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். வார்டைக் காக்க ஒரு மீட்புக் குழு கிளம்பியது; மேடைப் பேச்சு என்னுடையது. குழுத் தலைவர் துரைராஜ், ஸ்வீட் கடைக்காரர். அவருடைய மூன்று மருமகள்களுக்கும் வேலூரில் தனியார் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். "நம்ம ஆஸ்பத்திரி நம்ம உயிரு!" என்று அவர் கத்தும்போது கழுத்து நரம்பு புடைக்கும். எங்கள் ஷூ கம்பெனியில் என் லைனில் தைக்கிற ராணி காதோரம் சொன்னாள்: "உயிரு இங்க, ஒடம்பு மட்டும் வேலூர்லயாக்கா?"

அந்த ராணிதான் எங்கள் உண்ணாவிரதத்தையும் அளந்து சொன்னவள். "காலைல டிபனுக்கு அப்பறம் ஆரம்பிச்சு, மதியானச் சோத்துக்கு முன்னாடி முடியுது. இதுக்கு இன்னாத்துக்குக்கா பந்தலு?" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துவிட்டு மேடையேறி, பசியோடு போராடும் பெண்களைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள்... எனக்கு அது பிடித்திருந்தது. ஐயோ, எவ்வளவு பிடித்திருந்தது!

சென்னையிலிருந்து அதிகாரிகள் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வார்டைப் பார்வையிட வருகிறார்கள் என்று தெரிந்ததும் குழுவுக்கு வேர்த்துவிட்டது. வார்டில் பத்துக் கட்டில். அன்றைக்கு அதில் இருந்தது இரண்டே பேர்.

"காலிக் கட்டில பாத்தா அங்கியே பூட்டு போட்டுட்டுப் போய்டுவான்" என்றார் துரைராஜ்.

நான் எழுந்தேன். "இதுக்கா பேஜாராவுறீங்க தலைவரே? ஆடிட் மாதிரி பண்ணிட்லாம்."

ஆடிட் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் அவ்வப்போது ஆள் அனுப்பும். தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்க்கத்தான். அன்று முதலுதவி அறைக் கட்டிலில் வெள்ளை விரிப்பு விழும். பசை தடவும் பெண்களுக்கு முகமூடி வரும். வந்தவர் கார் கேட்டைத் தாண்டியதும் அது ஸ்டோருக்குத் திரும்பிப் போகும். கேள்விக்குப் பதில்களை முதல் நாளே சொல்லிக்கொடுத்திருப்போம். எங்கள் கம்பெனியில் சொல்லிக்கொடுப்பவள் நான். லைன் சூப்பர்வைசர். இருபது வருஷமாக ஒரு பெண்ணும் என் ஆடிட்டில் பதில் தவறியதில்லை!

முகம் சுளிக்கிறீர்களா? உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வரும் நாளில் அவசரமாகச் சுண்ணாம்பு அடித்ததை நீங்களும்தான் வேடிக்கை பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு, நம் ஊர் மானம் தப்பித்தது என்று வீட்டுக்குப் போயிருப்பீர்கள்.

வார்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இன்னும் எட்டு வயிறு வேண்டும். எங்கள் கம்பெனியிலும் பக்கத்துக் கம்பெனியிலும் தேடி ஏழு பேரைப் பிடித்துவிட்டேன். எட்டாவது வயிறுதான் கோமதி. என் லைனில் முகமூடி இல்லாமல் பசை தடவுகிறவர்களில் அவளும் ஒருத்தி; தலைச்சன் பிள்ளை, எட்டாம் மாதம் முடிகிறது. வளைகாப்பு ஆகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போகத் திமிரியிலிருந்து அவள் அம்மா வந்திருந்தாள். நான்தான் வீடு தேடிப் போய்த் தடுத்தேன்.

"ஊரு பொம்பளைங்களுக்காகத்தாம்மா. ஒரே ஒரு வாரம். வெள்ளிக்கிழம நானே பஸ் ஏத்தி வுட்றேன்."

அந்த அம்மாள் மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துல வுட்டுட்டுப் போறேன்" என்றாள். இந்த வார்த்தையை நீங்களும் கொஞ்ச நேரம் சுமந்து பாருங்கள்!

வியாழன் காலை கம்பெனி பஸ்ஸில் எட்டுப் பேருக்கும் பாடம் நடத்தினேன். "ஆபீசர் கேட்டா, 'நல்லா இருக்கேன் சார், நல்லா பாத்துக்கறாங்க'ன்னு சொல்லணும். வலி கிலின்னு எவளும் வாயத் தெறக்கக் கூடாது. ஒருத்திய வேலூருக்கு அனுப்பினாக்கூட, இந்த வார்டு எதுக்கும் லாயக்கில்லன்னு எழுதிடுவான்."

இறங்கும்போது கோமதி என் முந்தானையைப் பிடித்தாள். "அக்கா, நேத்து சாயங்காலத்துலேந்து புள்ள ஒதைக்கவே இல்லக்கா."

நான் இரண்டு பெற்றவள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்துகொண்டேதான் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தேன். "தூங்குதுடி. இத்தச் சாப்டு, அசையும்."

நர்சும் எங்கள் பக்கம்தான். வார்டு போனால் அவளும் எங்கோ தூக்கியடிக்கப்படுவாள். எட்டுப் பேரின் வயிற்றிலும் கை வைக்காமலே, எட்டுச் சீட்டிலும் ஒரே மாதிரி எழுதிவைத்தாள். எல்லோரும் சௌகரியம். அந்தச் சீட்டுகளை நம்பி டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரிகள் வரவில்லை. கோமதி ஜன்னலோரக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உள்ளங்கையை வயிற்றில் ஒட்டவைத்தபடி, யாரோ கதவைத் தட்டப்போவதற்குக் காத்திருப்பவள் போல.

"அக்கா, டாக்டரம்மாகிட்ட சொல்லட்டுமா?"

யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிற ஒரு கர்ப்பிணி, இருபதடி தள்ளி உட்கார்ந்திருக்கிற டாக்டரிடம் பேச என்னிடம் அனுமதி கேட்கிறாள்! கழிவறைக்குப் போகவும் என்னிடம் கேட்டே பழகியவள்... அப்படிப் பழக்கியவள் நான்.

"ஆபீசர் போவட்டும்டி. ஒரு மணி நேரம்."

அந்த ஒரு மணி நேரம் நான்கு மணி நேரமாக நீண்டது. வாசலில் துரைராஜ் ரோஜா மாலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார், வாடிவிடக் கூடாதென்று.

மூன்று மணிக்குமேல் வந்தார்கள். பெரிய அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று குனிந்து பேசினார். கோமதியிடமும் கேட்டார்: "எப்படிம்மா இருக்கீங்க? ஏதாவது கஷ்டம் இருக்கா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவருடைய தோளுக்குப் பின்னால் நின்றிருந்த என்னை.

"நல்லா இருக்கேன் சார். நல்லா பாத்துக்கறாங்க."

நான் தலையாட்டினேன். ஆடிட்டில் சரியான பதில் சொன்ன பெண்ணுக்குத் தலையாட்டுவது போலவே, புன்னகையோடு! என் வாழ்நாளில் நான் செய்த வேறெதையும் மன்னிக்கச் சொல்லிக் கேட்டுவிடலாம். அந்தத் தலையாட்டலுக்கு எந்த முகத்தோடு கேட்பேன்?

கார் போன பிறகு நான் சொல்ல, நர்ஸ் கோமதியின் வயிற்றில் பிள்ளையின் துடிப்புக் கேட்கும் கருவியை வைத்தாள். ஒரு பக்கம் வைத்தாள், மறு பக்கம் வைத்தாள். அவள் முகம் மாறியது. டாக்டரம்மா ஓடிவந்து, "எப்பலேந்து அசைவு இல்ல?" என்று கேட்டார்.

கோமதி வாய் திறக்கும் முன் நான் சொன்னேன்: "இப்பத்தான் டாக்டர். இப்பத்தான் சொன்னா."

வேலூருக்கே கொண்டுபோனோம். எங்கே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேனோ, அங்கேயே! பெண் பிள்ளை. எல்லா விரலும் சரியாக இருந்தன. விரிஞ்சிபுரத்தருகே பாலாற்று மணலில் புதைத்தார்கள்.

வார்டு தப்பித்தது. பட்டாசு வெடித்தார்கள், எனக்குச் சால்வை போர்த்தினார்கள். இப்போது அங்கே பிரசவங்களும் ஓரளவு நடக்கின்றன. அதைக் காட்டி என்னைத் தேற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். துரைராஜிடம் ஒருமுறை மட்டும் இதை வாய்விட்டுச் சொன்னேன். மனிதர் லட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "எதுனா ஒண்ணு நடக்கத்தாம்மா செய்யும், பெரிய காரியம்னா." அந்தக் கையைக் கடித்துத் துப்பத் தோன்றியது. ஆனால் லட்டை எடுத்துக்கொண்டேன். நானும் அந்தச் சாதிதான்.

காலையிலேயே சொல்லியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா? தெரியாது. பஸ் ஏறும்போதே அது போயிருக்கலாம். அந்தச் சந்து ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதற்குள்தான் அடிக்கடி புகுந்து ஒளிந்துகொள்கிறேன்.

மாமியார் கோமதியைத்தான் ஏசினாள். வாயும் வயிறுமாகப் பசை நாற்றத்தில் வேலைக்குப் போனாளாம், அதனால்தானாம். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் புருஷன், சில மாதங்கள் பேசாமலே இருந்தான். அத்தனையையும் வாங்கிக்கொண்டாளே தவிர, கோமதி என் பெயரைச் சொல்லவில்லை. திரும்ப வேலைக்கு வந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அக்கா, அன்னிக்கு நானே டாக்டராண்ட சொல்லியிருக்கணும் இல்ல? தப்பு என்னுதுதானேக்கா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? காலில் விழுந்திருக்க வேண்டாமா! "வுடுடி, அதெல்லாம் நெனைக்காத" என்றேன். பெரிய மனதோடு அவளை மன்னித்துவிட்டவள் போல!

இப்போது அவளுக்கு மறுபடி ஐந்தாம் மாதம். போன வாரம் சாப்பாட்டு வேளையில் டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவ அம்மா வூட்டுக்குப் போவலக்கா. நம்ம வார்டுலயே பாத்துக்கறேன். நீங்க கூட இருப்பீங்க இல்ல?"

மேடையில் ஒரு வார்த்தைக்கும் தவிக்காத நான் மணியடிக்கும் வரை என் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "சொல்றேன்டி" என்று மட்டும் முனகிவிட்டு எழுந்தேன்.

அவளிடம் சொல்ல வேண்டியதைத்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் சொல்வது எளிது, நீங்கள் யாரோ. உங்களுக்கு நான் எந்தப் பிள்ளையையும் திருப்பித் தர வேண்டியதில்லை... அவள் என் லைனில், நான் நிற்கிற இடத்திலிருந்து நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அடிக்கடி வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாள். தொட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.

நான் தலையாட்டுகிறேன்.