ஆர்ம்புருஸ்ட் என்றால் எந்த இறைச்சி?

சுவிஸில், வின்டர்தூரில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்தில், எனக்கு ஜெர்மன் தெரியும் என்று மூன்று பேர் நம்பினார்கள். ஒருவர், நான் இருந்த வீட்டில் மூத்தவரான அண்ணை. இன்னொருவன் அதே வீட்டில் இருந்த மட்டக்களப்பு நண்பன். அவன் பாதிதான் நம்பினான். மூன்றாவது ஆள் நான். மூன்றிலும் என்னுடைய நம்பிக்கைதான் பெரியது.

எண்பதுகளின் நடுப்பகுதி. வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் ஊரில் ஏ.எல். வரை படித்தவன் என்ற கொழுப்பு போகவில்லை. ஜெர்மனுக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். சொல் நீளமாக இருந்தால் இரண்டாக உடை, இரண்டு துண்டுக்கும் பொருள் பார், ஒட்டு. 'கூல்ஷ்ராங்க்' என்றால் குளிரும் அலுமாரியும், அதாவது ஃப்ரிட்ஜ். 'ஹான்ட்டூக்' என்றால் கையும் துணியும், அதாவது துவாய். இவ்வளவு சுலபமான பாஷைக்கு ஏன் வகுப்பு நடத்துகிறார்கள் என்று வீட்டில் கேட்டேன். அண்ணை ஆச்சரியப்பட்டார். நண்பன் கொட்டாவி விட்டான்.

அண்ணைக்கு அடுத்த புதன்கிழமை டீட்டிகோனில் ஒரு பெரிய பொருள் களஞ்சியத்தில் நேர்முகம் இருந்தது. ஈரத் தரையைத் துடைத்துத் துடைத்து அவருடைய முழங்கால் போயிருந்தது. இந்த வேலை கிடைத்தால் பிழைத்துவிடுவார். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் 'குட்டன் மோர்கன்' மட்டும். அதை அவர் பின்னேரத்திலும் சொல்வார். கதைத்துக் கொடுக்க ஒரு ஆள் தேவை. ஒன்று நான், அல்லது ஓர்லிகோனில் எங்களுக்கு முன்னமே வந்து குடியேறிய ஒருவர். நான்தான் போகவேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் சுவிஸ்காரர், அந்தப் பக்கம் அண்ணை, நடுவில் கோப்பை கழுவும் நான் இரண்டு பேருக்கும் வாயாக இருக்கும் காட்சியை மனதில் பலமுறை நடத்திப் பார்த்திருந்தேன்.

"பாப்பம் தம்பி, பாப்பம்," என்று மட்டும் அண்ணை சொல்லியிருந்தார்.

அது இலையுதிர் காலம். எங்கள் குசினியில் வேட்டை இறைச்சிப் பருவம். மான், காட்டுப்பன்றி, முயல் என்று ஒவ்வொரு நாளும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். கூடவே சிவப்பு முட்டைக்கோவாவும் சீனிப்பாகில் பிரட்டிய கஷ்கொட்டையும். ஒரு வியாழக்கிழமை செஃப் என் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உருண்டை மனிதர், கோபம் வந்தால் பாட்டுப் பாடுவார். அந்த வாரம் கத்தி பட்டு இடது பெருவிரலில் பெரிய கட்டுப் போட்டிருந்தார்.

"சனிக்கிழமை உனக்கு ஓய்வுதானே? வேட்டைக்குப் புது ஆர்ம்புருஸ்ட் ஒன்று எடுக்கப் போகிறேன். என் விரல் இப்படி. உன் கை வேண்டும். வருகிறாயா?"

என் சூத்திரம் உடனே வேலை செய்தது. 'ஆர்ம்' என்றால் கை. 'புருஸ்ட்' என்றால் நெஞ்சு. அது கோழி நெஞ்சு, வாத்து நெஞ்சு என்று ஒவ்வொரு நாளும் குசினியில் கேட்கும் சொல். ஆகவே மானின் முன்சந்தும் நெஞ்சும் சேர்த்து வெட்டிய பெரிய துண்டு. விரல் காயத்தோடு தூக்க முடியாததால் என்னைக் கூப்பிடுகிறார்.

"எனக்கும் ஒன்று கிடைக்குமா, செஃப்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "உனக்குமா! முதலில் கையில் எடுத்துப் பார். பிறகு கதைப்போம்."

அன்று வீட்டுக்குப் போனதும் அறிவித்தேன்: "ஞாயிற்றுக்கிழமை மான் இறைச்சி!"

அண்ணை கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். வன்னியில் மாமியார் வீட்டில் தின்றதற்குப் பிறகு மானின் மணமே தெரியாது என்றார். "உண்மையோடா தம்பி? சரியா விளங்கிச்சோ?"

"ஆர்ம்புருஸ்ட், அண்ணை. முன்சந்தும் நெஞ்சும். செஃப் தன்ர வாயால சொன்னவர்."

"நெஞ்சிறைச்சி எண்டா எலும்போட வரும்," என்றான் நண்பன். "நல்லா வேகோணும். மறுகா பல்லை உடைச்சுப்போட்டு என்னைக் கேளாதை."

அடுத்த நாளே அண்ணை மல்லி, மிளகு, பெருஞ்சீரகம் எல்லாம் கறுக்க வறுத்து இடித்து ஒரு போத்தல் நிறைய வைத்துவிட்டார். ஓர்லிகோன்காரரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். எனக்குச் சந்தோஷம். அவர் வந்து தின்று பார்க்கட்டும், யாருடைய ஜெர்மன் இறைச்சி கொண்டுவருகிறது என்று.

சனிக்கிழமை காலை செஃப் தன் பழைய காரில் வந்தார். நான் இரண்டு தடித்த பிளாஸ்டிக் பையும் இறைச்சி சுற்றப் பழைய பேப்பரும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். அவர் பைகளைப் பார்த்தார், காரைக் கிளப்பினார். கார் பள்ளத்தாக்கு வழியாக ஏறி, மாட்டு மணிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பண்ணை வீட்டின் முன் நின்றது. நீலநிற வேலைச் சட்டை போட்ட ஒரு பெண்மணி தலைமயிரில் மரத்தூளோடு வந்து கைகொடுத்தார். இறைச்சிக் கடைக்காரிக்கு மரத்தூள் எதற்கு என்று யோசித்தேன். எலும்பு அரியும்போது தரையில் போடுவார்களாக்கும்.

உள்ளே எண்ணெயும் அக்ரூட் மரமும் மணத்தன. இரத்த வாடையே இல்லை.

"குளிர் அறை எங்கே?" என்று கேட்டேன்.

பெண்மணி செஃபைப் பார்த்தார். செஃப் என்னைப் பார்த்தார். பிறகு செஃபே சுவரைக் காட்டினார். சுவரில் வரிசையாக வில்லுகள் தொங்கின. நாங்கள் படத்தில் பார்க்கிற வில் அல்ல. துவக்கின் பிடியில் குறுக்கே உருக்கு வில்லைப் பூட்டி, கீழே விசையும் வைத்தது. "இதுதான் ஆர்ம்புருஸ்ட்," என்றார்.

பைகளை மடித்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்தேன். இரண்டும் உள்ளே போகவில்லை. வாழ்க்கையில் இரண்டு பிளாஸ்டிக் பை அவ்வளவு பெரிதாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

"வேட்டை என்றீர்களே?"

பெண்மணி விளக்கினார். உயிருள்ள மிருகத்தை இதால் இந்த நாட்டில் தொடக்கூடாது, சட்டம். இவர்கள் சங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை காட்டுப் பாதையில் மரப்பலகை மான், பலகைப் பன்றி, பலகை முயல் எல்லாம் நட்டு, நடந்து நடந்து எய்வார்கள். அதற்குப் பெயர் வேட்டை. செஃப் மூன்று வருடமாகப் பலகைப் பன்றியைத் தவறவிடுகிறாராம். "பழைய வில் சரியில்லை," என்றார் செஃப் அவசரமாக.

வெட்கம் கால் மணி நேரம்தான் இருந்தது. அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது. கொல்லையில் முப்பது மீட்டர் தூரத்தில் ஒரு பலகை மான் நின்றது. மேசையில் மூன்று வில்லுகள். செஃபின் பெருவிரலால் நெம்புகோலை இழுக்க முடியாது, ஆகவே நாண் ஏற்றுவது என் வேலை. நெம்புகோலை மடக்க, நாண் பின்னால் வந்து 'ளக்' என்று கொக்கியில் விழும். அந்தச் சத்தம் கேட்ட நிமிடமே நான் மானையும் மறந்தேன், கறியையும் மறந்தேன்.

முதல் வில் பாரம். மேசையில் கையூன்றி எய்ய அருமை. தூக்கிக்கொண்டு காட்டில் நடக்க ஆகாது. செஃபே தள்ளிவைத்தார். இரண்டாவதில் அவர் மனம் போய்விட்டது. பிடி முழுக்கத் திராட்சைக் கொடியும் மான் தலையும் செதுக்கியிருந்தது. தடவித் தடவிப் பார்த்தார், நல்ல சாஸை ருசி பார்ப்பதுபோல. மூன்றாவது பூச்சில்லாத புங்கம் பலகை போல ஒரு எளிய சாமான், கொஞ்சம் கட்டை, அழகே இல்லை.

"இதுதான்," என்றார் செஃப், திராட்சைக் கொடியை அணைத்துக்கொண்டு.

"அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கத் தெரியாது. "காட்டில் மேசை இல்லையே."

"எப்படிப் பார்ப்பது?"

"எண்ணிப் பார்ப்போம்."

நான் திராட்சைக் கொடியைத் தோளில் வைத்து மானைக் குறிபார்த்து நின்றேன். செஃப் எண்ணினார். முப்பதில் முனை கீழே சரிந்தது. நாற்பதில் மானின் கால் தெரிந்தது. நாற்பத்தைந்தில் புல்தான் தெரிந்தது. பிறகு அழகில்லாததை எடுத்தேன். நாற்பது, ஐம்பது, எழுபது. கோப்பை கழுவிய கை, அசையவில்லை. தொண்ணூறில் பெண்மணி சிரிக்கத் தொடங்கினார்.

"முனைப் பாரம்," என்றார். "செதுக்கு வேலைக்காக முன்பக்கம் மரம் கூட விட்டிருக்கிறேன். சுவரில் மாட்ட நல்லது. இந்தப் பையன் சரியாகக் கண்டுபிடித்துவிட்டான்."

"எய்து பார்," என்றார் செஃப் என்னிடம். என் முதல் அம்பு மானுக்கு மேலால் பறந்து வைக்கோலில் ஒளிந்தது. இரண்டாவது மானின் பின்பக்கத்தில், சொல்லக்கூடாத இடத்தில், போய்த் தைத்தது. செஃப் கண்ணீர் வரச் சிரித்தார். அவர் எய்த மூன்றும் நெஞ்சில். கட்டை விரல் காயத்தோடு! எளிய வில்லையே எடுத்தார். ஆனாலும் புறப்படும்போது திராட்சைக் கொடியை ஒருமுறை தடவிவிட்டுத்தான் வந்தார்.

திரும்பும் வழியில் அவருக்கு ஒரு பயம் பிடித்தது. புது வில் வாங்கமாட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். "திங்கட்கிழமை வரை இது உன் வீட்டில் இருக்கட்டும். அதற்குள் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன்." நீண்ட மட்டைப்பெட்டியை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார்.

படியேறும்போது எங்கள் நகர மணிக்கூடு நாலரை காட்டியது. சனிக்கிழமை நாலு மணிக்கே கடைகள் எல்லாம் பூட்டிவிடுவார்கள். ஒரு கோழிகூட இனி வாங்க முடியாது.

கதவைத் திறந்த நண்பன் பெட்டியைப் பார்த்துக் கத்தினான்: "அண்ணை, ஓடி வாங்க! முழு மானையும் நீட்டிக் கொண்டு வந்திருக்கான்!"

அண்ணை பெரிய தாச்சியோடு வந்தார். வெங்காயம் வெட்டிய கண்ணீர் கன்னத்தில். பெட்டியைத் திறந்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"எங்கயடா நெஞ்சு?" என்றார் அண்ணை.

"இதுதான் அண்ணை ஆர்ம்புருஸ்ட். துவக்கு மாதிரி ஒரு வில்லு…"

"துவக்கோ!" அண்ணை ஓடிப்போய் யன்னல் சீலையை இழுத்து மூடினார். "அகதி எண்டு எழுதிக் குடுத்திட்டு வீட்டுக்குள்ள துவக்கோடா வைச்சிருக்கிறாய்? எங்கட கேஸ் இன்னும் முடியேல்லையடா!"

"துவக்கில்லை அண்ணை, வில்லு. செஃபின்ர வில்லு. பலகை மானுக்கு எய்யிறது."

"பலகை மானோ?" நண்பன் நிலத்தில் குந்திவிட்டான். சிரிப்பில் அவனுக்கு மூச்சு வரவில்லை. "அப்ப வாளைக் கொண்டாங்க அண்ணை, அரிஞ்சு கறி வைப்பம்! மச்சான், நீ புதன்கிழமை போய் என்னத்தைச் சொல்லப்போறாய்? அண்ணைக்கு வேலை குடுக்கிற இடத்தில அவரையே வித்துப்போட்டு வருவாய்."

அண்ணை சிரிக்கவில்லை. தாச்சியை மேசையில் வைத்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார். "தம்பி, நான் ஓர்லிகோன் ஆளையே கேக்கட்டோ?" அவர் அதை மெதுவாகக் கேட்டதுதான் எனக்குச் சுட்டது.

பிளாஸ்டிக் பைகளை நீட்டி மடித்தேன். பிறகு சொன்னேன். "அண்ணை, எனக்குக் கை தெரியும், நெஞ்சு தெரியும். ரெண்டையும் சேத்தா என்ன எண்டு தெரியாது. கேக்க வெக்கமாக் கிடந்தது. அதான் நானே ஒட்டிப்போட்டன்."

"கேட்டிருந்தா அந்த மனிசன் உன்னைத் தின்றிருப்பானோ?"

"இல்லை அண்ணை."

அடுத்த நாள் ஓர்லிகோன்காரர் வந்தார். மானுக்கு இடித்த தூள் முழுவதும் பதினாறு அவித்த முட்டைகளுக்குப் போனது. முட்டை கறுப்பாக, மிளகு உறைப்பில், வேட்டை வாசத்தோடு இருந்தது. "இது என்ன முட்டை?" என்று அவர் கேட்டார். "ஆர்ம்புருஸ்ட் முட்டை," என்றான் நண்பன். எனக்கு முன்னாலேயே கதை முழுவதையும், நான் சொல்லாத பகுதிகளையும் சேர்த்துச் சொல்லி முடித்தான். ஓர்லிகோன்காரர் சிரித்துவிட்டு, தான் வந்த வருடம் செய்த பிழைகள் சிலதைச் சொன்னார். அவை என் பிழையைவிட மோசம். புதன்கிழமை தனக்கு வேலை, வரமுடியாது என்றும் சொன்னார்.

அண்ணை விரலை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப நீதான் வாறாய். ஆனா தெரியாத சொல்லு வந்தா கேள், தம்பி. சமைக்காதை."

புதன்கிழமை டீட்டிகோனில் மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் இருந்தார். பெயர், வயது, அனுமதி அட்டை எல்லாம் சுகமாகப் போயின. என் வாய் நான் ஒத்திகை பார்த்தபடியே ஓடியது. பிறகு அவர் கேட்டார்: அண்ணைக்கு 'காபெல்ஷ்டாப்லர்' பழக்கமா?

காபெல் என்றால் முள்ளுக்கரண்டி. ஒரு நாளைக்கு அறுநூறு கழுவுகிறேன், எனக்குத் தெரியாதா? ஷ்டாப்லர் என்றால் அடுக்குகிறவர். 'அண்ணை, முள்ளுக்கரண்டி அடுக்கத் தெரியுமோ எண்டு கேக்கினம்' என்ற வசனம் முழுதாக நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அண்ணை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கவேண்டும்," என்றேன் அந்த மனிதரிடம். "எனக்கு அந்தச் சொல் தெரியாது."

அவர் எழுந்து எங்களை யன்னலுக்குக் கூட்டிப்போனார். கீழே முற்றத்தில், முன்னால் இரண்டு இரும்புப் பல் நீட்டிய ஒரு மஞ்சள் வண்டி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"இதை ஓட்டுவியளோ அண்ணை?"

"உழவு மெசின் ஓட்டினவன் நான், இது என்ன?" அண்ணை கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தார். "ஓம் எண்டு சொல்லு. கெதியாச் சொல்லு!"

சொன்னேன்.