ரயிலடி ஆலைக்கு நான் போட்ட விலை

என் கையெழுத்து அழகாக இருக்கும். இப்போது அதைச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. அந்த அழகான கையெழுத்தில்தான் அக்கா குடும்பத்தை ஐந்து பக்கத்தில் எழுதி முடித்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. நான் மதுரையில் ஒரு நூல் ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவை மார்க்கையன்கோட்டையில் கொடுத்திருந்தோம். மச்சானுக்கு ஆற்றுப் பாசனத்தில் இருபோக நஞ்சை. பெரிய வசதி என்று சொல்ல முடியாது. ஆனால் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் தேனி ரயிலடியில் பருத்தி அரைக்கும் ஆலை ஒன்று விலைக்கு வந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்து, பஞ்சைப் பேலாகக் கட்டி ரயிலேற்றுவார்கள். நடத்திய வெளியூர்க் கம்பெனி அதை மொத்தமாகக் கைமாற்றிவிடப் பார்த்தது. மச்சான் எனக்கு ஆள் அனுப்பினார்.

“மாப்ள, நீ நாலு எழுத்துப் படிச்சவன். அந்த ஆலை என்ன பெறும்னு பாத்துச் சொல்லு. தேறும்னா வயலைக் குடுத்துட்டு அதை வாங்கிப் போடுவோம்.”

பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஆலையின் விலை அதன் இரும்பிலும் செங்கல்லிலும் இல்லை, இனிமேல் அது சம்பாதிக்கப் போவதில்தான் இருக்கிறது என்று எங்கள் மேனேஜர் அடிக்கடி சொல்லுவார். அதை நானே கண்டுபிடித்ததுபோல மச்சானுக்கு விளக்கினேன். ஆலை வாசலில் உட்கார்ந்து, கடமலைக்குண்டுப் பக்கமிருந்தும் கம்பத்துப் பக்கமிருந்தும் வந்த பருத்தி வண்டிகளை எண்ணினேன். எண்ணெய் இஞ்சின் இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று அதை ஓட்டுகிறவரைக் குடைந்தேன். ரிப்பேருக்கு ஒதுக்கினேன். மழை பொய்க்கும் வருஷத்துக்கு ஒதுக்கினேன். பஞ்சு விலை இறங்கினால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். நஞ்சை தருகிற நெல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஆலைதான் எட்டு வருஷத்தில் மூன்று மடங்காக நின்றது.

ரயிலைப் பற்றி எல்லாப் பக்கத்திலும் எழுதியிருந்தேன். மதுரைக்கு அரை நாளில் சரக்குப் போகும், வண்டி வாடகை மிச்சம் என்று. ரயில் இல்லாமல் போனால் என்று ஒரு வரி இல்லை. ஏன் விற்கிறார்கள் என்று கம்பெனி ஏஜெண்டிடம் கேட்டேன். பங்காளிகளுக்குள் ஒத்துவரவில்லை என்றார். அதையும் நம்பினேன்.

மச்சான் ஐந்து பக்கத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “நல்லாத்தான் இருக்கு. குலசாமிகிட்ட பூக் கேட்டுட்டு முடிச்சிருவோம்” என்றார்.

அவர்கள் வீட்டில் வயல் விற்பதானாலும் பெண் கொடுப்பதானாலும் பூக் கேட்காமல் நடக்காது. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்பை இன்னொரு இலையிலும் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நாள் நாய்படாத பாடு பட்டு எழுதியதை ஒரு அரளிப்பூ வந்து அடித்துப் போடுவதா? ஆலை வந்தால் அதற்கு நான்தான் மேனேஜர் என்று மச்சான் வேறு சொல்லியிருந்தார். அந்த ஆசையும் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பொட்டலம் மடிக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்து மடித்தேன். செவ்வரளியைக் கிணற்றில் போட்டேன்.

“வீட்டுக்கு விளக்கேத்துறவக எடுக்கட்டும்” என்றார் பூசாரி. அக்கா கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். கை ஒன்றின் மேல் போனது, நின்றது, அடுத்ததுக்குப் போனது, திரும்ப முதலுக்கே வந்தது, கடைசியில் அடுத்ததை எடுத்தது. அவ்வளவு நேரம் அவள் தயங்கியதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிரித்தாள். வெள்ளை. மச்சான் கண் கலங்கிவிட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. மதுரை வேலையை விட்டுவிட்டு மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்குள் ஜெர்மனியோடு சண்டை வந்துவிட்டது. ஒருநாள் ஸ்டேஷனில் பாரம் ஏற்றுகிறவர் வந்து, “சண்டைக்கு இரும்பு வேணுமாம். தண்டவாளத்தைப் பேத்துட்டுப் போகப் போறாகளாம்” என்றார். நான் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன்.

பெயர்த்துக்கொண்டுதான் போனார்கள். ஆலைக் கதவுக்கு எதிரே, பட்டப்பகலில், ஆணி கழற்றி, நீள நீளமாக எடுத்து அடுக்கி, கடைசி ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரிக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை. ஏலக்காய், வாழை, நெல் என்று பள்ளத்தாக்குச் சரக்கு முழுவதும் மாட்டுவண்டிக்கே வந்ததால் வண்டிக்காரர் கேட்டதுதான் வாடகை. அதைக் கொடுத்து மதுரையில் விற்றால் கைநஷ்டம். கொடுக்காமல் வைத்திருந்த பேல்களில் மழைத் தண்ணீர் இறங்கியது. ஆலை நின்றது.

இரண்டாம் முறையும் நானே அதற்கு விலை போட்டேன். பழைய இரும்பு வாங்குகிறவர் இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அரைப் பக்கம் போதுமாக இருந்தது.

மச்சான், முன்பு தனக்குச் சொந்தமாக இருந்த அதே நஞ்சையில் கூலிக்கு ஏர் ஓட்டினார். ஒரு நாள் வரப்பில் நின்று அழுதேன். அவர் மாட்டை நிறுத்திவிட்டு வந்து தோளில் கை வைத்தார்.

“நீ என்ன செய்வ மாப்ள. சாமி குடுத்த உத்தரவு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாமிக்கு நான் எங்கே வழி விட்டேன்? அந்த ஐந்து பக்கத்துக்கும்தான் எங்கே வழி விட்டேன்? கோயிலுக்குப் பின்னால் செய்த வேலையை அதற்கு முன்பே காகிதத்தில் செய்து முடித்திருந்தேன். வேண்டாம் என்ற பதில் வர இடமே வைக்கவில்லை. அந்தக் காகிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒரு கூட்டல்கூடத் தப்பில்லை.

சண்டை முடிகிற சமயத்தில் எனக்குக் கல்யாணம். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போடுவது எங்கள் வழக்கம். அக்கா பின்னாலேயே நின்றாள். நான் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத் தாலிக் கயிற்றை அவளிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“என் கை வேணாம்யா” என்றாள். “அன்னைக்கு இதுதானே எடுத்துச்சு. மொதல்ல மத்ததுக்குத்தான் போச்சு, நான்தான் மாத்தி எடுத்தேன். என் வீட்டுக்கு வந்தது உன் வீட்டுக்கும் வர வேணாம்.”

சித்தப்பா மகள் வந்து மற்ற இரண்டு முடிச்சையும் போட்டாள். கெட்டிமேளம் அடங்கிய பிறகு சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அவள் உயிரோடு இருந்த அத்தனை வருஷத்தில் என்றைக்காவது சொல்லியிருக்கலாம். இரண்டிலும் வெள்ளைதான் அக்கா, நீ எதை எடுத்திருந்தாலும் அதுதான் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை.